லைஃப் அண்ட் டெட் (ஆவணப்படம்): ஒரு விமர்சனப் பார்வை

‘லைஃப் அண்ட் டெட்’ (2001) அமெரிக்க இயக்குநர் ஸ்டெபனி பிளாக் எடுத்த ஆவணப்படம். ஜமைக்காவின் கடற்கரை விடுதிகளில் விடுமுறையைக் கழிக்க வரும் வெளிநாட்டுப் பயணிகளையும், அதே தீவில் கடன் சுமையால் நொடிந்துபோகும் விவசாயிகளையும் தொழிலாளர்களையும் இப்படம் அடுத்தடுத்து வைத்துக் காட்டுகிறது. ஆன்டிகுவாவில் பிறந்த எழுத்தாளர் ஜமைக்கா கின்கெய்ட், தன் ‘எ ஸ்மால் பிளேஸ்’ (1988) நூலை அடிப்படையாகக் கொண்டு படத்தின் பின்னணி உரையை எழுதினார். தலைப்பின் நேர்ப்பொருள் ‘வாழ்வும் கடனும்’. ஆங்கிலத்தில் அது ‘வாழ்வும் சாவும்’ என்ற தொடரைப்போல ஒலிக்கிறது.

சுற்றுலாவைப் பற்றியும் உலகமயமாக்கலைப் பற்றியும் கல்லூரி வகுப்புகளில் அடிக்கடி எடுத்துக்கொள்ளப்படும் படங்களில் இதுவும் ஒன்று. ஒரு விடுதியில் தங்குவது என்னும் எளிய செயலுக்குப் பின்னால் எவ்வளவு பெரிய பொருளியல் அமைப்பு இருக்கிறது என்பதைக் காட்டியது இதன் சாதனை. அந்த விடுதியை உள்ளிருந்து புரிந்துகொள்ள முயலாதது இதன் குறை.

பின்னணி

ஜமைக்கா 1962-ல் பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்றது. 1972-ல் மைக்கேல் மேன்லி பிரதமரானார். எண்ணெய் விலை உயர்வாலும் அந்நியச் செலாவணிப் பற்றாக்குறையாலும் நெருக்கடிக்குள்ளான அவரது அரசு 1977-ல் சர்வதேச நாணய நிதியத்துடன் கடன் ஒப்பந்தம் செய்துகொண்டது. தொடர்ந்து வந்த கடன்களுடன் நிபந்தனைகளும் வந்தன. நாணய மதிப்பைக் குறைத்தல், அரசுச் செலவைச் சுருக்குதல், இறக்குமதித் தடைகளை நீக்குதல் ஆகியவை அவற்றில் முக்கியமானவை. மேன்லி 1997-ல் மறைந்தார். அதற்கு முன் எடுக்கப்பட்ட அவரது நேர்காணல் படத்தின் முதுகெலும்பாக உள்ளது. நாணய நிதியத்தின் தரப்பைப் பொருளியலாளர் ஸ்டான்லி ஃபிஷர் பேசுகிறார்.

ஸ்டெபனி பிளாக் இதற்கு முன் ‘ஹெச்-2 வொர்க்கர்’ (1990) என்னும் ஆவணப்படத்தை எடுத்திருந்தார். அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் கரும்பு வெட்டத் தற்காலிக விசாவில் கொண்டுவரப்பட்ட ஜமைக்கத் தொழிலாளர்களைப் பற்றிய படம் அது. அமெரிக்காவுக்கு உழைக்கச் செல்லும் ஜமைக்கர்களைக் காட்டியவர், அடுத்த படத்தில் ஜமைக்காவுக்கு ஓய்வெடுக்க வரும் அமெரிக்கர்களைக் காட்டினார். இரு படங்களையும் சேர்த்துப் பார்ப்பவர்களுக்கு ஒரே கடல்வழியின் இரு திசைகள் தெரியும்.

அமைப்பு

பயணிகள் விமானத்தில் வந்து இறங்குகிறார்கள். பேருந்தில் விடுதிக்குச் செல்கிறார்கள். வரவேற்பு பானம், கடல், நீச்சல்குளத்தருகே விளையாட்டுகள், நடனம், குடி என அவர்களின் நாட்கள் செல்கின்றன. பின்னணிக் குரல் அவர்களை ‘நீங்கள்’ என்று விளிக்கிறது. நீங்கள் காண்பது எது, காணாமல் போவது எது என்று அமைதியான தொனியில் சொல்லிக்கொண்டே வருகிறது.

ஒவ்வொரு விடுதிக் காட்சியும் தீவின் வேறொரு இடத்துக்குத் தாவுகிறது. இறக்குமதியான பால்மாவின் விலையுடன் போட்டியிட முடியாத பண்ணையாளர்கள் கறந்த பாலைத் தரையில் கொட்டுகிறார்கள். வெங்காயமும் கேரட்டும் பயிரிடும் விவசாயிகள், கப்பலில் வரும் மலிவான காய்கறிகளால் சந்தையை இழக்கிறார்கள். ஐரோப்பியச் சந்தையில் தங்களுக்கு இருந்த சலுகை உலக வர்த்தக அமைப்பின் வழக்கில் அடிபட்டுப் போனதைப் பற்றி வாழை விவசாயிகள் பேசுகிறார்கள். கிங்ஸ்டனின் சுதந்திர வர்த்தக வளாகத்தில் பெண்கள் அமெரிக்க நிறுவனங்களுக்காக ஆடை தைக்கிறார்கள். வாரத்துக்கு 30 டாலர் அளவிலான குறைந்தபட்சக் கூலியே அவர்களுக்குக் கிடைக்கிறது. இவற்றுக்கிடையே தீயைச் சுற்றி அமர்ந்த ரஸ்தஃபாரிகள் நாட்டு நிலையை விவாதிக்கிறார்கள்.

படத்தொகுப்பின் வழியாகவே படம் தன் வாதத்தை முன்வைக்கிறது. விடுதியும் சுதந்திர வர்த்தக வளாகமும் ஒன்றுக்கொன்று நிழல்போலத் தோன்றுகின்றன. இரண்டுக்கும் சுவர் உண்டு, வாசலில் காவலர் உண்டு. இரண்டிலும் வெளியிலிருந்து பொருள் வந்திறங்குகிறது, உள்ளூரிலிருந்து உழைப்பு மட்டும் எடுத்துக்கொள்ளப்படுகிறது. இரண்டுமே ஜமைக்க மண்ணில் இருந்தும் ஜமைக்காவுக்கு வெளியே இருப்பவை. எந்தக் குரலும் இதை விளக்காமலேயே பார்வையாளர் உணர்ந்துகொள்கிறார். படத்தின் கலைவெற்றி இங்குதான் உள்ளது.

விடுதி என்னும் வடிவம்

படம் விளக்காமல் கடந்துசெல்லும் ஒன்றை மாணவர்கள் தனியே அறிந்துகொள்ள வேண்டும். ‘ஆல் இன்க்ளூசிவ்’, அதாவது எல்லாம் அடங்கிய விடுதி, தனக்கென ஒரு வரலாறு உடைய வடிவம். பெல்ஜியத்தைச் சேர்ந்த ஜெரார் பிளிட்ஸ் 1950-ல் ஸ்பெயினின் மயோர்க்கா தீவில் கூடாரங்கள் அமைத்துத் தொடங்கிய ‘கிளப் மெட்’ இதன் முன்னோடி. அறை, உணவு, விளையாட்டு அனைத்துக்கும் முன்கூட்டியே ஒரே தொகை. குடிப்பதற்கு மட்டும் கழுத்தில் அணிந்த மணிகள் நாணயமாகப் பயன்பட்ட காலம் உண்டு. பணம் கண்ணில் படாத இடம் என்பதே அதன் கவர்ச்சி.

ஜமைக்கா இதை ‘பெரியவர்களுக்கு மட்டும்’ என்ற வடிவமாக வளர்த்தது. 1978-ல் ஓச்சோ ரியோஸில் இணையர்களுக்கு மட்டுமான ‘கப்பிள்ஸ்’ விடுதி தொடங்கப்பட்டது. 1981-ல் கார்டன் ‘புட்ச்’ ஸ்டூவர்ட் மான்டிகோ பேயில் ‘சாண்டல்ஸ்’ விடுதியைத் தொடங்கினார். இவர் ஜமைக்காக்காரர். சாண்டல்ஸ் 2004 வரை ஆண்–பெண் இணைகளை மட்டுமே அனுமதித்தது.

இந்த ஆண்டுகள் கவனத்துக்குரியவை. 1976-ல் ஜமைக்காவில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. 1980 தேர்தல் ஆண்டின் அரசியல் வன்முறையில் நூற்றுக்கணக்கானோர் கொல்லப்பட்டனர். தெருவில் நடக்க அஞ்சிய பயணிக்குச் சுவருக்குள்ளேயே எல்லாவற்றையும் தருவது விடுதிக்காரர்களுக்கு உகந்த வழியாக இருந்தது. நாணய நிதியத்தின் கடனும் சுவர் வைத்த விடுதியும் ஏறத்தாழ ஒரே ஆண்டுகளில், ஒரே நெருக்கடியின் சூழலில் வேரூன்றியவை. படம் இரண்டையும் அருகருகே காட்டினாலும் இந்தப் பொதுவான தோற்றத்தைச் சொல்வதில்லை. சொல்லியிருந்தால் அதன் வாதம் மேலும் வலுப்பெற்றிருக்கும்.

தங்குபவரின் அனுபவத்தை இந்த வடிவமே தீர்மானிக்கிறது. கையில் ஒரு பட்டை கட்டப்படுகிறது. அதன்பின் பணப்பையைத் தொட வேண்டியதில்லை. பல விடுதிகளில் ஊழியர்கள் அன்பளிப்புப் பணம் வாங்குவதற்கும் தடை உண்டு. விருந்தினருக்கு இது விடுதலையாகத் தெரிகிறது. ஆனால் விலை கேட்பதும் பேரம் பேசுவதும் உரையாடலின் வடிவங்கள். சந்தையில் மாம்பழம் வாங்கும் பயணி, விற்பவளின் முகத்தைப் பார்த்தாக வேண்டும், அவளிடம் பேசியாக வேண்டும். அது நின்றுபோகும்போது ஊழியரின் புன்னகையும் தொகையில் அடங்கிய பொருளாகிவிடுகிறது.

‘பெரியவர்களுக்கு மட்டும்’ என்ற விதி இதில் இன்னொரு அடுக்கைச் சேர்க்கிறது. குழந்தை இருக்கும் இடத்தில் நேரம் இருக்கும். சாப்பாட்டு வேளை, உறக்க வேளை, பள்ளி திறக்கும் நாள் எல்லாம் கூடவே வரும். குழந்தையை நீக்கினால் கடமை நீங்குகிறது, நாளையும் நீங்குகிறது. படுக்கையை விரிக்கும் பெண்ணுக்கோ வீட்டில் பிள்ளைகள் இருக்கலாம், அவர்களின் பள்ளிச் செலவுக்காகவே அவள் அங்கே வந்திருக்கலாம். விருந்தினர் மறக்க விரும்பும் ‘நாளை’தான் ஊழியரை அங்கே நிறுத்தி வைத்திருக்கிறது. வருங்காலத்தை அடகு வைத்த ஒரு நாட்டைப் பற்றிய படத்துக்கு இதைவிடப் பொருத்தமான படிமம் கிடைத்திருக்காது. படம் அதைத் தவறவிடுகிறது.

நூலும் படமும்

கின்கெய்டின் நூல் ஆன்டிகுவாவைப் பற்றியது. படம் அதை ஜமைக்காவுக்கு மாற்றிக்கொள்கிறது. நிலமாற்றம் பெரிய சிக்கல் அல்ல. அடிமை முறை, கரும்பு, பிரிட்டிஷ் ஆட்சி, சுற்றுலா என்ற வரிசை இரு தீவுகளுக்கும் பொதுவானது. எடுத்துக்கொண்டது எது, விட்டது எது என்பதே இங்கு முக்கியம்.

‘எ ஸ்மால் பிளேஸ்’ நூலின் கோபத்துக்கு மூன்று இலக்குகள் உண்டு. முதலாவது சுற்றுலாப் பயணி. இரண்டாவது காலனிய ஆட்சி. மூன்றாவது விடுதலைக்குப் பிந்தைய ஆன்டிகுவாவின் ஆட்சியாளர்கள். 1974 நிலநடுக்கத்தில் சேதமடைந்த நூலகம் ஆண்டுக்கணக்கில் சீர்செய்யப்படாமல் கிடப்பதை கின்கெய்ட் ஊழலின் அடையாளமாக்குகிறார். தன் மக்களின் மௌனத்தையும் அவர் விட்டுவைப்பதில்லை. அதனால்தான் சொந்த நாட்டிலும் அந்த நூல் கசப்பை உண்டாக்கியது.

படம் முதல் இரு கோபங்களை வாங்கிக்கொண்டு மூன்றாவதைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறது. மேன்லியின் நேர்காணல் நெகிழ்ச்சியூட்டுவது. ஆனால் அவர் கையெழுத்திட நேர்ந்த சூழலில் ஜமைக்க அரசியலின் பங்கு என்ன, கட்சிகள் வளர்த்த வன்முறையின் பங்கு என்ன என்று படம் கேட்பதில்லை. இதனால் ஜமைக்கர்கள் முழுக்கப் பாதிக்கப்பட்டவர்களாக மட்டும் தெரிகிறார்கள். கின்கெய்ட் தன் மக்களைத் திட்டுவதில் ஒரு மரியாதை இருந்தது. அவர்களைத் தவறு செய்யக்கூடிய, தேர்வு செய்யக்கூடிய மனிதர்களாக அவர் நடத்தினார்.

நூலில் உள்ள இன்னொரு நுட்பமும் படத்தில் மங்குகிறது. சுற்றுலாப் பயணியும் தன் ஊரில் ஒரு சாதாரண மனிதர், அன்றாடத்தின் சலிப்பிலிருந்து தப்பித்து வந்தவர் என்பதை கின்கெய்ட் அறிவார். தீவின் மனிதருக்கும் அதே சலிப்பு உண்டு, தப்பிச் செல்லப் பணம்தான் இல்லை. நூலில் பயணியின் மீதான வெறுப்பு இந்தப் பொறாமையிலிருந்து பிறக்கிறது. படத்தில் பயணிகள் கும்பலாகச் சிரிப்பவர்களாகவும் குடிப்பவர்களாகவும் வருகிறார்கள். ஆண்டு முழுவதும் கணக்குப் பார்த்துச் செலவிடும் ஒருவர், ஒரு வாரமாவது கணக்கில்லாமல் இருக்க விரும்பி முன்பணம் கட்டியிருக்கலாம். அப்படிப்பட்ட ஒருவரின் முகம் படத்தில் இல்லை. கேலி எளிதாகிவிடும்போது விமர்சனம் வலுவிழக்கிறது. கேலிக்குரியவர் வேறு யாரோ என்று பார்வையாளர் நிம்மதியாக நினைத்துக்கொள்ள முடிகிறது.

பொருளியல் வாதத்தின் எல்லை

‘வெளிநாட்டு விடுதி, உள்நாட்டு வறுமை’ என்ற எளிய எதிர்நிலை ஜமைக்காவுக்கு முழுமையாகப் பொருந்தாது. சாண்டல்ஸ் ஜமைக்காக்காரரின் நிறுவனம். 1992-ல் ஜமைக்க டாலர் சரிந்தபோது ஸ்டூவர்ட் வாரம் 10 லட்சம் அமெரிக்க டாலரைச் சந்தை விலைக்குக் குறைவாக விற்று அதைத் தாங்கிப்பிடிக்க முயன்றார். நாட்டின் நாணயத்தைக் காக்க ஒரு விடுதி முதலாளி முன்வர வேண்டியிருந்தது என்பது பெருமைக்குரியதா, அந்நாடு சுற்றுலாவை எவ்வளவு நம்பிக் கிடந்தது என்பதற்கான சான்றா என்று கேட்கலாம். இரண்டும்தான். அத்தகைய சிக்கலான மனிதர்களுக்குப் படத்தின் சட்டகத்தில் இடமில்லை.

கடற்கரை பற்றிய கேள்வியும் இவ்வாறே. ஜமைக்காவின் கடற்கரைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1956-ல், காலனிய ஆட்சியில் இயற்றப்பட்டது. கரையோர உரிமையை அது அரசிடம் வைத்தது. கடலில் குளிக்கும் பொதுவுரிமையை மக்களுக்கு வழங்கவில்லை. விடுதலைக்குப் பின் வந்த அரசுகளும் அச்சட்டத்தைத் தொடர்ந்தன. தீவில் பிறந்தவர் தன் கடலுக்குள் இறங்க வேலியைச் சுற்றிப் போக வேண்டியிருப்பதற்கு நாணய நிதியத்தை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது.

மதிப்பீடு

இக்குறைகளைக் கடந்தும் ‘லைஃப் அண்ட் டெட்’ முக்கியமான படம். கடன், நாணய மதிப்பு, இறக்குமதி வரி போன்ற அருவமான சொற்களுக்கு அது உடல் அளிக்கிறது. தரையில் ஓடும் பாலைப் பார்த்தவர் ‘தாராளமயமாக்கல்’ என்ற சொல்லை அதன்பின் பழையபடி வாசிக்க முடியாது. பாதிக்கப்பட்டவர்களே தங்கள் தொழிலின் கணக்கைத் தெளிவாக விளக்குவது படத்தின் பெரும் பலம். அவர்கள் இரக்கம் கோருவதில்லை, வாதாடுகிறார்கள்.

தமிழ் வாசகருக்கு இப்படம் ஒரு தனிச் சங்கடத்தைத் தரக்கூடியது. 1991-ல் இந்தியா தங்கத்தை அடகு வைத்து, நாணய நிதியத்திடமும் கடன் பெற்றது. 2022-ல் கடனைத் திருப்பிச் செலுத்த முடியாமல் நின்ற இலங்கை அடுத்த ஆண்டு அதே நிதியத்தின் உதவியைப் பெற்றது. அதே வேளையில் மாலத்தீவுக்கும் தாய்லாந்துக்கும் விடுமுறைத் திட்டங்களை வாங்கிச் செல்லும் இந்திய நடுத்தர வர்க்கமும் பெருகியிருக்கிறது. படத்தின் ‘நீங்கள்’ என்ற விளி வெள்ளை அமெரிக்கரை மனதில் கொண்டது. இன்று அதைக் கேட்கும் தமிழர் விவசாயியின் பக்கமும் இருக்கலாம், கையில் பட்டை கட்டியவரின் பக்கமும் இருக்கலாம். ஒரே குடும்பத்தில் இருவரும் இருக்கக்கூடும்.

விடுதியில் தங்குவது குற்றம் என்று இப்படத்தை வாசிப்பது அதைச் சுருக்குவதாகும். எல்லாம் அடங்கியது என்று சொல்லப்படும் தொகையில் எது அடங்கவில்லை என்று கேட்பதே அது கற்றுத்தரும் பழக்கம். பால் எங்கிருந்து வந்தது, ஊழியர் எத்தனை மணிக்கு வீடு திரும்புவார், இந்தக் கரையில் உள்ளூர்ப் பிள்ளைகள் குளிக்க முடியுமா என்பவை எந்த விருந்தினரும் கேட்கக்கூடிய கேள்விகள். பதில் பெரும்பாலும் சுவருக்கு வெளியே, நடந்துசெல்லும் தூரத்திலேயே இருக்கிறது.