வார்டில் எழுதும் ஆங்கிலம்

வில்லியனூர் கடைத்தெருவிலோ கன்னியக்கோயில் பேருந்து நிறுத்தத்திலோ ஐந்து நிமிடம் நின்றால் போதும், 'ஸ்போக்கன் இங்கிலீஷ்' என்று ஒரு பிளக்ஸாவது கண்ணில் படும். மாலை வகுப்பு, மூன்று மாதம், சான்றிதழ் உண்டு. சேர்கிறவர்களில் பள்ளிப் பிள்ளைகள் ஒரு பங்கு. மற்றவர்கள் வேலைக்குப் போகிறவர்கள், அல்லது போகத் துடிக்கிறவர்கள். அது என்ன வேலை என்று ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். பிள்ளையார்குப்பம், கிருமாம்பாக்கம், அரியூர் என்று புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்கள் இரண்டிலும் வயல்களுக்கு நடுவே மருத்துவக் கல்லூரிகள் எழுந்து நிற்கின்றன. சேதராப்பட்டில் தொழிற்பேட்டை. ஆகவே நர்ஸ், லேப் டெக்னீஷியன், தொழிற்சாலையில் ஷிப்ட் பார்ப்பவர்.

இவர்களுக்கு வேலையில் ஆங்கிலம் எங்கே வருகிறது? வார்டில் நர்ஸ் நோயாளியிடம் பேசுவது தமிழ். டாக்டரிடம் பேசுவது தமிழும் ஆங்கிலமும் கலந்த பேச்சு; அது யாருக்கும் தடையாக இருப்பதில்லை. எழுதுவதுதான் முழுக்க ஆங்கிலம். கேஸ் ஷீட், நர்ஸ் நோட்ஸ், இன்டேக்-அவுட்புட் சார்ட் எல்லாம் அப்படித்தான். ஷிப்ட் மாறும் முன், மூன்று மணிக்கு வாந்தி எடுத்தார், டியூட்டி டாக்டருக்குச் சொல்லியாயிற்று, ஊசி ஸ்டாட்டாகப் போட்டது, அரை மணியில் அடங்கியது என்பதை நாலு வரியில் எழுதி வைக்க வேண்டும். 'மருந்து கொடுத்தாயிற்று' என்பதும் 'மருந்து கொடுக்க வேண்டும்' என்பதும் எழுத்தில் குழம்பினால் அடுத்த ஷிப்டில் அதே மருந்து இரண்டாம் முறை போகும். வினைச்சொல்லின் காலம் பிழைக்கக் கூடாத இடம் ஒன்று உண்டென்றால் அது இதுதான். பிளக்ஸில் விற்பது பேச்சு. வேலை கேட்பது எழுத்து.

இந்த இடைவெளியை அளந்து பார்த்துப் பாடம் வகுக்க வேண்டும் என்று சொல்லும் துறைக்கு அரை நூற்றாண்டு வயது. ஜான் மன்பி 1978இல் எழுதிய நூலில், படிப்பவர் யாரிடம், எந்த இடத்தில், எதற்காக, எந்த அளவு ஆங்கிலத்தைப் பயன்படுத்துவார் என்று இஞ்ச் இஞ்சாகக் கணக்கெடுக்கச் சொன்னார். 1987இல் ஹட்சின்சனும் வாட்டர்ஸும் அதைக் கொஞ்சம் மனுசத்தன்மையோடு மூன்றாகப் பிரித்தார்கள்: வேலைக்குத் தேவையானது, படிப்பவரிடம் இல்லாதது, படிப்பவர் விரும்புவது. மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது என்பதுதான் அவர்கள் சொன்னதில் உருப்படியான விஷயம்.

இந்த இடைவெளியை யார் நிரப்புவது என்பதில் வரலாற்றுக்கும் பங்குண்டு. புதுச்சேரிக்கு ஆங்கிலம் பிந்தி வந்த மொழி. வில்லியனூரை அடுத்த கீழூரில் 1954 அக்டோபர் 18 அன்று 178 பிரதிநிதிகள் வாக்களித்து, 170 பேர் இந்தியாவோடு இணையலாம் என்று சொல்லும் வரை இங்கே அலுவலக மொழி பிரெஞ்சு. ஒப்பிட இலங்கையைப் பார்க்கலாம்: இரண்டு ஆண்டு கழித்து, 1956இல், அது தனிச்சிங்களச் சட்டத்தால் ஆங்கிலத்தை அலுவலக நாற்காலியிலிருந்து இறக்கியது. ஓரிடத்தில் ஆங்கிலம் ஏறிக்கொண்டிருந்தபோது இன்னோரிடத்தில் இறங்கியது. பின்னால் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தில், 1987இல், அது 'இணைப்பு மொழி' என்று திரும்பி வந்தது. இறக்கிய மொழியைத் திரும்பக் கொண்டுவரும் பொறுப்பு அரசின் தலையில் விழுந்ததால், இலங்கையில் பெரியவர்களுக்கான ஆங்கிலப் பாடநெறி பெரும்பாலும் மையத்தில் திட்டமிடப்படுகிறது. நம் ஊரில் அது பாதி சந்தை, பாதி திட்ட நிதி.

இந்தியப் பக்கத்தில் திட்டமிடுதல் என்றால் மணிக்கணக்கு. தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பு 2013 டிசம்பரில் வந்தது. 2023இல் அதன் படிநிலைகள் பத்திலிருந்து எட்டாகக் குறைந்தன. ஐடிஐயில் 'எம்ப்ளாயபிலிட்டி ஸ்கில்ஸ்' என்ற பாடத்துக்குள் ஆங்கிலத்துக்குச் சில மணி நேரம் ஒதுக்கியிருக்கிறது. ஃபிட்டருக்கும் எலக்ட்ரீஷியனுக்கும் தையல் படிக்கும் பெண்ணுக்கும் அதே பாடம். முடிவில் கணினி முன் உட்கார்ந்து நான்கு விடைகளில் ஒன்றைச் சொடுக்க வேண்டும். ஒரு வாக்கியமும் எழுதாமல், ஒரு வார்த்தையும் பேசாமல் ஆங்கிலத்தில் தேறிவிடலாம். தனியார் மாலை வகுப்புகளிலோ இந்தத் தேர்வும் கிடையாது. கட்டணம் கட்டினவர் சான்றிதழ் வாங்குகிறார், அவ்வளவுதான். தமிழ்நாட்டு மாணவர்களுக்கு 2022இலிருந்து 'நான் முதல்வன்' என்ற அரசுத் திறன் திட்டம் இருக்கிறது. எல்லைக்கு இந்தப்பக்கம் இருக்கும் பாகூர்ப் பிள்ளைகள் அதில் சேர்த்தியில்லை.

இலங்கையில் அளவுகோலுக்குக் குறைவில்லை. மூன்றாம் நிலை, தொழிற்கல்வி ஆணைக்குழுவின் என்விக்யூ சான்றிதழ் ஏழு படி கொண்டது. பதிவுபெற்ற மதிப்பீட்டாளர்கள் வேலையைச் செய்யச் சொல்லிப் பார்த்துத்தான் தகுதி தருவார்கள். பல்கலைக்கழகங்களுக்கு 'யூடெல்' என்ற பொது ஆங்கிலத் தேர்வு உண்டு. வாசித்தல், எழுதுதல், கேட்டல், பேசுதல் ஒவ்வொன்றிலும் மாணவர் என்ன செய்ய வல்லவர் என்று தரம் பிரித்து விவரித்திருக்கிறார்கள். 2007 ஜூலை முதல் அரச பணியில் சேர்ந்தவர் இரண்டாம் அரச கரும மொழியை ஐந்தாண்டுக்குள் கற்றாக வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கையும் வந்தது. அது ஆங்கிலத்தைப் பற்றியதல்ல, சிங்களமும் தமிழும் பற்றியது. ஆனாலும் வளர்ந்தவருக்கான மொழிப் பாடம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு அதில் ஒரு பாடம் கிடக்கிறது: பதவிக்கு ஏற்பத் தேர்ச்சியின் அளவு மாறும், தேறாவிட்டால் சம்பள ஏற்றம் நிற்கும்.

அளவுகோல் மட்டும் போதாது என்பதற்கு யாழ்ப்பாணத்திலேயே சாட்சி இருக்கிறது. சுரேஷ் கனகராஜா யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்த நாட்களில், முதலாண்டுக் கலைப்பீட மாணவர் 22 பேரின் வகுப்பை உற்றுக் கவனித்து எழுதினார். 1993இல் ஆய்விதழில் வந்தது. பின்னர் 1999இல் வெளியான அவரது நூலிலும் இடம்பெற்றது. பாடப்புத்தகம் அமெரிக்காவில் வெளியானது. அதில் வரும் ஆட்களும் கடைகளும் பேச்சும் அந்த ஊருக்குச் சம்பந்தமில்லாதவை. மாணவர்கள் வாய் திறந்து எதிர்ப்புச் சொல்லவில்லை. புத்தக ஓரங்களில் படம் வரைந்தார்கள், தமிழில் குறிப்பெழுதினார்கள். காதல், சினிமா, போராட்டம் எல்லாம் அந்த ஓரங்களில் நடந்தன. ஆங்கிலம் வேண்டுமா என்று கேட்டால் கட்டாயம் வேண்டும் என்றார்கள். நாள் போகப் போக வருகை குறைந்தது. கலந்துரையாடல், விளையாட்டு என்ற புதுப் பாணியை விட்டு, பரீட்சைக்கு உதவும் இலக்கணத்தைத் தாருங்கள் என்றார்கள்.

தேவைகளைக் கண்டறிய வினாத்தாள் கொடுத்து 'உங்களுக்கு எது வேண்டும்' என்று டிக் போடச் சொல்கிற வழக்கத்தின் மேல் எனக்கு இருக்கும் சந்தேகம் இந்த வகுப்பைப் பற்றிப் படித்தபின் இன்னும் கூடிவிட்டது. வாய் சொன்னதைவிடப் புத்தக ஓரம் அதிகம் சொல்லியிருக்கிறது. வில்லியனூர் மாலை வகுப்பிலும் கேட்டுப் பாருங்கள், 'பேச வேண்டும் சார்' என்றுதான் வரும். அது பொய்யில்லை, கூச்சம் போக வேண்டும், நேர்முகத் தேர்வில் தலை நிமிர்ந்து உட்கார வேண்டும் என்ற ஆசை அது. ஆனால் அந்த ஆசையை மட்டும் வைத்துப் பாடம் வகுத்தால் நர்ஸ் நோட்ஸ் அப்படியேதான் இருக்கும்.

இரண்டு நாடுகளும் கைகோத்த ஒரு முயற்சியும் பேச்சிலேயே போய் நின்றது. 2009ஐ ஆங்கிலத்துக்கும் தகவல் தொழில்நுட்பத்துக்குமான ஆண்டாக இலங்கை அறிவித்தது. ஆங்கிலத்தை நம் பாணியில் பேசுவோம் என்பதே அந்த இயக்கத்தின் முழக்கம். ஆசிரியர்கள் ஹைதராபாத் ஆங்கில, அயல்மொழிகள் பல்கலைக்கழகத்தில் பயிற்சி பெற்றார்கள்; பேராதனையில் இந்திய உதவியோடு ஒரு பயிற்சி நிலையம் வந்தது. உச்சரிப்பைப் பற்றிய தாழ்வு மனப்பான்மையை உடைத்த வகையில் அது நல்ல காரியம். ஆனால் யாழ்ப்பாண ஆஸ்பத்திரியில் கட்டிலோடு தொங்கும் பெட் ஹெட் டிக்கெட், வீட்டுக்குப் போகும்போது கையில் கொடுக்கும் டயக்னோசிஸ் கார்ட் இரண்டும் ஆங்கில எழுத்துதான். அரியூர் கேஸ் ஷீட்டுக்கும் அதற்கும் பெயர் மட்டுமே வேறு.

யாழ்ப்பாணத்துத் தாதியும் பாகூர் நர்ஸும் உண்மையில் ஒரே அறையில் சந்திப்பது மூன்றாம் நாட்டின் தேர்வில். ஆஸ்திரேலியாவில் 1980களின் பிற்பகுதியில் உருவான, மருத்துவத் துறையினருக்கான ஓஇடி ஆங்கிலத் தேர்வை பிரிட்டனின் செவிலியர் கவுன்சில் 2017இலிருந்து ஏற்கிறது. எழுத்துப் பகுதியில் ஒரு நோயாளியின் குறிப்புகளைக் கொடுத்து ஐந்து நிமிடம் படிக்கச் சொல்வார்கள். அடுத்த நாற்பது நிமிடத்தில் இன்னொரு மருத்துவருக்கோ நர்ஸுக்கோ பரிந்துரைக் கடிதம் எழுத வேண்டும். குறிப்பில் இருப்பதையெல்லாம் கொட்டினால் மதிப்பெண் போய்விடும். எது தேவை, எதை விடலாம் என்று பிரிப்பதே தேர்வின் பாதி. பேச்சுக்கு, எதிரே இருப்பவர் நோயாளியாக நடிக்க, ஐந்து ஐந்து நிமிடமாக இரண்டு காட்சிகள்.

இவ்வளவு நுணுக்கமாக வகுத்த தேர்விலும் ஓட்டை இருந்தது. தேறியவர்களில் சிலரைப் பற்றி மருத்துவமனைகள் குறைப்பட்டுக்கொண்டன. மொழியாசிரியர்கள் உச்சரிப்பையும் இலக்கணத்தையும் பார்த்தார்கள். வார்டில் இருப்பவர்கள் பார்த்தது வேறு. தேர்வை வகுத்தவரான டிம் மெக்நமாராவே சாலி ஜேகபியோடு சேர்ந்து 1999இல் இதை எழுதினார். நோயாளி சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கிறாரா, புரிந்ததா என்று சரிபார்க்கிறாரா என்பன போன்ற அளவுகள் பேச்சுத் தேர்வில் 2018இல்தான் சேர்ந்தன. பத்தொன்பது ஆண்டுகள்! நிபுணர்கள் நிறைந்த இடத்திலேயே அவ்வளவு தாமதம் என்றால், ஒரு மாலை வகுப்பை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

ஆனால் அந்தத் தேர்வை வகுத்தவர்களுக்கு இல்லாத ஒரு வசதி இந்தக் கொம்யூன்களுக்கு உண்டு: வகுப்பிலிருந்து வார்டுக்கு டூவீலரில் கால் மணி நேரம். ஆகவே இங்கே பாடத்திட்டத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, இறுதித் தேர்வின் வினாத்தாளை முதலில் எழுதலாம் என்பது என் கட்சி. பெயர் நீக்கிய பத்து நர்ஸ் நோட்ஸ், இரண்டு டிஸ்சார்ஜ் சம்மரி, ஒரு விபத்துக் குறிப்பு. மருத்துவமனை அனுமதியோடு இவற்றை வாங்கி, தவறு எங்கே ஆபத்தாகிறது, எங்கே வெறும் அழகுக் குறை என்று வார்டு சிஸ்டரைக் கொண்டே கோடு போட வைக்க வேண்டும். ஒருமை பன்மைப் பிழையை ஆசிரியர் சிவப்பு மையில் சுழிப்பார்; சிஸ்டர் அதைக் கண்டுகொள்ளாமல், 'நேரம் போடவில்லையே' என்பார். மதிப்பெண் திட்டம் அங்கிருந்து வரட்டும். அதன்பின் எந்த வாரம் எதைக் கற்பிப்பது என்பது தானாக விழும்: இறந்தகாலமும் செயப்பாட்டு வினையும் முதலில், அளவும் நேரமும் அடுத்து, 'மை செல்ஃப்' என்று தொடங்கும் சுய அறிமுகம் கடைசியில். அதையும் விட்டுவிட முடியாது. சேர்ந்தவர் காசு கொடுத்தது அதற்குத்தான்.

நைட் டியூட்டி மாறி மாறி வருவதால் மூன்று மாதத் தொடர் வகுப்பு இவர்களுக்கு ஒத்துவராது. இரண்டு வாரத்துக்கொன்றாகத் துண்டு துண்டான பகுதிகள், ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு சிறு எழுத்து வேலை, தவறவிட்டவர் அடுத்த சுற்றில் சேர்ந்துகொள்ளும் ஏற்பாடு என்று வைத்தால்தான் நிலைக்கும்.

சிஸ்டர் உட்கார்ந்து தாள் திருத்தும் நேரத்துக்கு யார் பணம் தருவது என்ற கேள்வி மட்டும் நிற்கிறது. இலங்கையில் மதிப்பீட்டாளர் என்பது பதிவேட்டில் உள்ள ஒரு பொறுப்பு. இங்கே அவர் டியூட்டி முடித்து வந்து, பேருந்து போய்விடுமே என்று கடிகாரத்தைப் பார்த்தபடி செய்யும் உபகாரம். வகுப்பு நடத்தும் மையம் தந்தால் கட்டணம் ஏறும், சேருகிறவர் குறைவார். மருத்துவமனை தரலாம், படித்தவர் ஓஇடி எழுதி லண்டன் போய்விடுவாரோ என்று நிர்வாகம் தயங்கும். அந்தத் தயக்கத்தில் நியாயம் இல்லாமலும் இல்லை.