எதிராளி விட்டுக்கொடுக்காத ஆட்டம்

பிரேசில் நாடக இயக்குநர் அகஸ்தோ போவால் வடிவமைத்த விவாத அரங்கில் ஒரே நாடகம் இரண்டு முறை நடிக்கப்படுகிறது. கூடியிருக்கும் மக்களின் வாழ்விலிருந்து எடுத்த கதை அது. கூலி கேட்டதால் வேலை போன தொழிலாளியோ, கணவனிடம் அடி வாங்கும் பெண்ணோ முதல் முறையில் தோற்றுப்போவார். இரண்டாம் முறை, பார்வையாளரில் எவரும் ஆட்டத்தை நிறுத்தச் சொல்லலாம். தோற்பவரின் இடத்தில் தானே இறங்கி வேறு வழியில் மோதிப் பார்க்கலாம். ஒடுக்குபவரின் பாத்திரத்தை மட்டும் யாரும் மாற்றக் கூடாது.

இந்த விதிதான் ஆட்டத்தின் உயிர். முதலாளி திடீரென மனம் திருந்திவிட்டால் சிக்கல் தீர்வதில்லை, காணாமல் போகிறது. அத்தகைய முடிவுகளைப் போவால் மாயம் என்று ஒதுக்கினார். ஆகவே மேடையின் பெரும் பாரம் வில்லனாக நடிப்பவர் மீது விழுகிறது. வலுவான வாதம் வந்தால் அவர் தடுமாற வேண்டும். தளர்ந்த வாதத்தை இரக்கமின்றி முறியடிக்க வேண்டும். அவர் சீக்கிரம் பணிந்துபோனால், கூட்டம் மலிவான ஒரு வெற்றியோடு வீடு திரும்பும். இறங்கியவர் தோற்றாலும் நஷ்டமில்லை. எதிராளியின் பிடி எங்கே இறுகுகிறது என்பதை ஊரே பார்த்துவிடுகிறது. 'ஜோக்கர்' எனப்படும் நெறியாளர் தீர்ப்புச் சொல்வதில்லை. இது நிஜத்தில் நடக்குமா என்று கூட்டத்தையே கேட்கிறார்.

1971இல் பிரேசிலின் ராணுவ ஆட்சி போவாலைக் கைதுசெய்து சித்திரவதை செய்தது. பின்னர் நாடு கடந்து வாழ்ந்த காலத்தில், 1973இல் பெரு நாட்டின் எழுத்தறிவு இயக்கத்தில் அவர் பணியாற்றினார். அதுவரை பார்வையாளர்கள் யோசனை சொல்ல, நடிகர்கள் நடித்துக் காட்டினார்கள். தான் சொன்னதை நடிகர்கள் சரியாகச் செய்யவில்லை என்று கோபப்பட்ட ஒரு பெண் மேடையேறித் தானே நடித்தபோது இந்த வடிவம் பிறந்தது என்று போவால் எழுதியிருக்கிறார்.

மேடையில் கிடைத்த வழி மறுநாள் முதலாளியின் வாசலில் செல்லுபடியாகுமா என்பது இந்த அரங்கின் மீது வைக்கப்படும் நியாயமான கேள்வி. போவாலே அதற்கு ஒரு விடை தேடினார். 1992இல் ரியோ டி ஜெனிரோ மாநகர மன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டதும், நாடகங்களில் எழுந்த யோசனைகளைத் தன் அலுவலகம் வழியே சட்ட முன்வடிவுகளாக்கினார். அவற்றில் 13 சட்டங்களாயின. 1996இல் அவர் தேர்தலில் தோற்றதும் அந்தக் கதவு மூடிக்கொண்டது. ஒருவரின் பதவியை நம்பிய முறைக்கு இந்த ஆபத்து எப்போதும் உண்டு.

மேற்கு வங்கத்தின் ஜன சன்ஸ்கிருதி வேறு பாதையை எடுத்தது. 1985இல் சஞ்சய் கங்குலி சுந்தரவனப் பகுதியில் தொடங்கிய குழு இது. நடிகர்களில் பலர் விவசாயக் கூலிகள். வரதட்சணை, குழந்தைத் திருமணம், சாராயம் ஆகியவற்றைப் பற்றிய நாடகத்தை ஓர் ஊரில் ஒருமுறை போட்டுவிட்டு இவர்கள் நகர்வதில்லை. அதே நாடகத்தோடு அதே ஊருக்குத் திரும்பத் திரும்ப வருகிறார்கள். முதல் நாள் தயங்கி நின்றவர்கள் அடுத்தடுத்த முறைகளில் மேடையேறுகிறார்கள். அப்படி இறங்கியவர்கள் ஊரில் குழுவாகச் சேர்ந்து, மேடையில் விவாதித்ததை வெளியில் செய்யத் தொடங்குகிறார்கள்.