போத்தலும் கரண்டியும்

காசிமேட்டுக் கல்யாணத்தில் ஆர்கெஸ்ட்ரா எதை வேண்டுமானாலும் வாசிக்கட்டும். ‘சுராங்கனி’ எடுத்தால்தான் பந்தியில் இருப்பவரும் கை கழுவிவிட்டு ஓடி வருவார். மீன் கொண்டுவந்த சேதியைச் சொல்லும் பாட்டு, இந்த மீனவர் ஊருக்குப் பொருத்தம்தான். ஆனால் ஆளை எழுப்புவது சொல் அல்ல, அந்த ஆறெட்டுத் தாளம். இடுப்பு மூன்றைப் பிடிக்கும், கால் இரண்டைப் பிடிக்கும். இந்த இழுபறிதான் பைலா என்கிற இந்த இலங்கை ஆட்டப்பாட்டு வகையின் ருசி.

இங்கே ‘சுராங்கனி’யைப் பரப்பியவர் இலங்கைப் பொப்பிசைப் பாடகர் ஏ. ஈ. மனோகரன். 1977இல் இளையராஜா இசையில் ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்திலும் வந்தது.

இந்தத் தாளத்தின் பழைய வீடுகளில் ஒன்று, இலங்கையில் புத்தளம் பக்கத்துச் சிறாம்பியடி. போர்த்துக்கீசர் காலம் தொட்டுக் கப்பலில் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வழிவந்த குடும்பங்கள் அங்கே வாழ்கின்றன. அவர்களுடைய மஞ்சா பாட்டுக்கு இரண்டு சிரட்டை, ஒரு கண்ணாடிப் போத்தல், அதைத் தட்டக் கரண்டி, கூட ஒரு ரபான் மேளம் போதும். சோம்பலாகத் தொடங்கும், போகப்போக வேகம் ஏறி, உட்கார்ந்திருந்த பாட்டியும் எழுந்துவிடுவார். வரிகள் போர்த்துக்கீசக் கிரியோல். இளையவர்கள் பலருக்கு இன்று அர்த்தம் தெரியாது. தாளம் மட்டும் தப்பாது.

1940களில் வாலி பஸ்தியான் என்ற போலீஸ்காரர் இந்த வகைத் தாளத்தில் சிங்களச் சொற்களை ஏற்றினார். இன்று கிரிக்கெட் மைதானத்தில் இலங்கைக் கொடி ஆடுவதே பைலாவுக்குத்தான். கண்டி நடனம் அரசு விழாவுக்கு இருக்கட்டும். சிங்களரையும் தமிழரையும் ஒரே மாதிரி ஆடவைத்தது அடிமையாக வந்தவர்களின் தாளம்.

கீபோர்டு வந்தபின் போத்தல் சத்தம் போய்விட்டது. எனக்கு அது பெரிய குறைதான்.