எதிரி இல்லாத காயம்: தன்தரப்புச் சூடும் படைவீரர் நினைவும்

போரில் ஒரு படை தன் வீரர்களையோ தன்னோடு அணிசேர்ந்த நாட்டின் வீரர்களையோ எதிரி என்று எண்ணியும் குறி தவறியும் தாக்கிவிடுவதைப் படைத்துறையினர் ‘ஃப்ரெண்ட்லி ஃபயர்’ என்பர். தமிழில் இதைத் தன்தரப்புச் சூடு எனலாம். நேட்டோ படைகளின் வரைபடங்களில் தம் படைக்கு நீலமும் எதிரிக்குச் சிவப்பும் இடுவது வழக்கம். அதனால் பிரிட்டன் வீரர்கள் இதை ‘புளூ ஆன் புளூ’, அதாவது நீலத்தின்மேல் நீலம், என்று குறிப்பிடுவர். எதிரியின் குண்டுக்கு இரையானவரைப் பற்றிப் பேச எல்லாச் சமூகங்களிடமும் சொல் ஆயத்தமாக இருக்கிறது: வீரமரணம், தியாகம், நடுகல். தோழனின் குண்டுக்கு இரையானவரைப் பற்றிப் பேசும்போது அந்தச் சொற்கள் பாதியில் நின்றுவிடுகின்றன. ஆகவே இத்தகைய நிகழ்வுகளின் வரலாறு, உயிர்தப்பிய வீரர்கள் காலம் கடந்து பகிர்ந்த நினைவுகளைக் கொண்டே பெரும்பாலும் நிறைவு பெற்றிருக்கிறது.

முதல் சாட்சியங்கள்

இந்த நினைவுகளின் சிக்கலை மிக முன்பே உணர்ந்தவர்களுள் ஒருவர் கிரேக்க வரலாற்றாசிரியர் தூசிடிடீஸ். கி.மு. 413இல் சிராக்கூஸ் நகரை முற்றுகையிட்ட ஏதென்ஸ் படை, எபிபோலே என்னும் மேட்டில் இரவில் ஏறித் தாக்கியது. நிலவொளியில் எதிரே வருவது மனித உருவம் என்று தெரிந்தது. அவன் யார் என்று தெரியவில்லை. அடையாளச் சொல்லை வீரர்கள் திரும்பத் திரும்ப உரக்கக் கேட்டதால் எதிரிகள் அதை அறிந்துகொண்டனர். ஏதென்ஸோடு வந்த ஆர்கோஸ் வீரர்களின் போர்ப்பாட்டு எதிரியின் பாட்டைப் போலவே ஒலித்ததால் குழப்பம் முற்றியது. நண்பரும் நண்பரும் மோதி மடிந்தனர். பகலில் நடக்கும் போரிலேயே ஒருவருக்குத் தம்மைச் சுற்றி நடப்பது மட்டும்தான் தெரியும், இரவுப்போரில் யாரால் எதைத் தெளிவாக அறிய முடியும் என்று இந்நிகழ்வை விவரிக்கையில் தூசிடிடீஸ் கேட்கிறார். இன்றும் இத்துறை ஆய்வாளர் முன் நிற்பது இதே கேள்விதான்.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் தெற்கத்தியப் படையின் புகழ்பெற்ற தளபதி ஸ்டோன்வால் ஜாக்சன், 1863 மே 2 அன்று சான்சலர்ஸ்வில்லில் இருட்டிய பிறகு முன்னணி நிலைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, தம் பக்கத்து வட கரோலைனா வீரர்களால் சுடப்பட்டார். இடக்கை வெட்டி எடுக்கப்பட்டது. எட்டு நாள் கழித்து நிமோனியாவால் இறந்தார். தளபதிக்கு நேர்ந்ததால் இது எழுத்தில் நின்றது. அதே இருளில் அதே விதமாக மாண்ட சாதாரணச் சிப்பாய்களின் கதைகள் அவர்களுடைய தோழர்களின் நினைவோடு போயின.

எப்படி நேர்கிறது

இரண்டாம் உலகப்போரில் பிரிட்டன் இறங்கி மூன்று நாள் கழித்து, 1939 செப்டம்பர் 6 அன்று, ஸ்பிட்ஃபயர் விமானங்கள் தம் நாட்டு ஹரிக்கேன் விமானங்கள் இரண்டைச் சுட்டு வீழ்த்தின. பிரிட்டன் போர்விமானிகளில் அப்போரில் முதலில் உயிரிழந்தவர் இவ்வாறு தம்மவர் கையாலேயே மாண்டார். அடுத்து வந்தது இதைவிடப் பெரிது. 1943 ஜூலை 11 இரவு அமெரிக்காவின் 504ஆம் பாராசூட் படையணியைச் சுமந்து 144 விமானங்கள் சிசிலித் தீவின் மேல் பறந்தன. சற்று முன்புதான் அங்கிருந்த கப்பல்களை ஜெர்மானிய விமானங்கள் தாக்கியிருந்தன. ஒரு பீரங்கி சுடத் தொடங்கியதும் கரையும் கடலும் சேர்ந்து சுட்டன. 23 விமானங்கள் வீழ்ந்தன. மறு ஆண்டு நார்மண்டிப் படையெடுப்பில் நேச நாட்டு விமானங்களின் இறக்கைகளில் கறுப்பு வெள்ளைப் பட்டைகள் தீட்டப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

பொதுவாகக் காரணங்கள் மூன்று. எதிரில் இருப்பவரை அடையாளம் காண்பதில் பிழை, தம் படை எங்கே நிற்கிறது என்ற செய்தி உரியவருக்குப் போய்ச் சேராமை, குண்டு விழும் இடத்தைக் கணிப்பதில் தவறு. இவை தனித்தனியே நேர்வதைவிட ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு நேர்வதே அதிகம். 1994 ஏப்ரல் 14 அன்று வட ஈராக்கில் இரண்டு அமெரிக்க எஃப்-15 விமானங்கள் தம் நாட்டு பிளாக் ஹாக் ஹெலிகாப்டர்கள் இரண்டை வீழ்த்தின. 26 பேர் இறந்தனர். வானிலிருந்தே கண்காணிக்கும் அவாக்ஸ் விமானம் அப்போது பணியில் இருந்தது. ஆனாலும் தடுக்க முடியவில்லை. இதை ஆராய்ந்து 2000இல் நூல் எழுதிய ஸ்காட் ஸ்னூக், 1983இல் கிரெனடாவில் தம் தரப்பு விமானத் தாக்குதலில் தாமே காயம்பட்ட படை அதிகாரி. விதிப்புத்தகம் ஒன்று சொல்ல, அன்றாட வேலையில் ஒவ்வொரு பிரிவும் தனக்கு வசதியான வழக்கத்துக்கு மெல்ல நகர்ந்துவிடுகிறது என்பது அவர் முடிவு. தனியே பார்த்தால் ஒவ்வொருவர் செய்ததும் சரியாகத் தோன்றும். எல்லாம் ஒன்றுசேரும் நாளில் உயிர் போகும். அடிபட்ட ஒருவர் பழி தேடாமல் காரணம் தேடிச் சென்றதால் இந்த ஆய்வுக்குத் தனி மதிப்பு உண்டு.

எண்ணிக்கையின் தடுமாற்றம்

பிரெஞ்சுத் தளபதி அலெக்சாந்தர் பெர்சேன் 1921இல் வெளியிட்ட நூலில், முதல் உலகப்போரில் தம் நாட்டுப் பீரங்கிகளாலேயே சுமார் 75,000 பிரெஞ்சு வீரர்கள் கொல்லப்பட்டனர் அல்லது காயமுற்றனர் என்று கணித்தார். 1982இல் அமெரிக்கப் படை வரலாற்றாசிரியர் சார்ல்ஸ் ஷ்ரேடர், 20ஆம் நூற்றாண்டுப் போர்களில் இவ்வகை இழப்பு இரண்டு விழுக்காட்டுக்கும் குறைவு என மதிப்பிட்டார். 1991 வளைகுடாப் போர் இந்த மதிப்பீட்டை உலுக்கியது. அப்போரில் களத்தில் மாண்ட 148 அமெரிக்கர்களில் 35 பேர் தம்மவர் சூட்டில் மாண்டவர்கள். ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு. எதிரியால் நேர்ந்த இழப்பு குறைவாக இருந்ததும், குண்டுகளின் எச்சத்தைச் சோதித்து யாருடைய குண்டு என்று சொல்ல முடிந்ததும் விகிதம் உயர்ந்து தெரிய உதவின. முந்தைய போர்களில் இதைச் சொல்லியிருக்கக் கூடியவர்கள் அருகில் நின்ற வீரர்கள் மட்டுமே. அவர்களில் பலர் சொல்லவில்லை. சிலரைச் சொல்ல விடவில்லை.

ஐம்பது ஆண்டு மௌனம்

சொல்ல விடாத மௌனத்துக்கு லெ ஆவ்ர் கடற்பகுதி நிகழ்வு தெளிவான சான்று. 1944 ஆகஸ்ட் 27, ஞாயிற்றுக்கிழமை. பிரிட்டன் கடற்படையின் முதலாம் கண்ணிவாரிக் கப்பல் அணி, பிரெஞ்சுக் கரையோரம் கடற்கண்ணிகளை அகற்றிக்கொண்டிருந்தது. நண்பகல் கழிந்து வந்த பிரிட்டன் விமானப்படையின் டைஃபூன் விமானங்கள் ராக்கெட்டுகளாலும் பீரங்கிகளாலும் தாக்கின. பிரிட்டோமார்ட், ஹுஸ்ஸார் ஆகிய கப்பல்கள் மூழ்கின. சாலமாண்டர் பழுதுபார்க்க முடியாதபடி சிதைந்தது. 117 பேர் இறந்தனர். 150க்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். கண்ணிவாரும் இடத்தை மாற்றிய ஆணை, அப்பகுதிக் கடற்பாதுகாப்புக்குப் பொறுப்பான தலைமையகத்துக்கு அனுப்பப்படாமல் விடுபட்டிருந்தது. கரையோரம் தெரிந்த கப்பல்களை அங்கிருந்தோர் ஜெர்மானியக் கப்பல்கள் என்று முடிவு செய்தனர். விமானப் பிரிவின் தலைவருக்கோ கீழே தெரிவது நம் கப்பல்கள் என்று பட்டது. அவர் வானொலியில் ஒருமுறைக்கு மேல் கேட்டும் ஆணை மாறவில்லை.

உயிர்தப்பியவர்களிடம் இதைப் பற்றி வாய் திறக்கக்கூடாது என்று சொல்லப்பட்டது. படைநீதிமன்றம் நடந்தது, கோப்புகள் மூடப்பட்டன. 1990களில் ஆவணங்கள் பொதுவில் வந்தபோது இருபது வயதில் கடலில் நீந்தித் தப்பியவர்கள் எழுபதைத் தாண்டியிருந்தனர். அதன்பின் அவர்கள் பகிர்ந்த நினைவுகளில் திரும்பத் திரும்ப வருவன சில: தெளிந்த வெயில், தலைக்கு மேல் தெரிந்த தம் நாட்டு விமானங்களைக் கண்டு முதலில் எழுந்த மகிழ்ச்சி, கப்பலில் பறந்த தம் கொடி, அடையாள வெளிச்சக் குண்டுகளைச் சுட்டும் ஓயாத தாக்குதல். மனத்தை மிக வதைத்தது குண்டா மௌனமா என்று பிரித்துச் சொல்வது கடினம். இறந்த தோழனின் தாயைப் பார்க்கப் போனவர் அவளிடம் உண்மையைச் சொல்லக்கூடாது என்றால், துக்கம் விசாரிக்கும் சொல்லே பொய்யாகிவிடுகிறது.

கோப்ரா: ஒரே நிகழ்வு, பல நினைவுகள்

1944 ஜூலை 24, 25 தேதிகளில் நார்மண்டியின் செயின்ட்-லோ அருகே நடந்த ‘ஆபரேஷன் கோப்ரா’ தாக்குதலின் விமானக் குண்டுவீச்சு, நினைவுகள் எவ்வாறு பிரிந்து நிற்கும் என்பதைக் காட்டுகிறது. முதல் நாள் மேகமூட்டத்தால் தாக்குதல் நிறுத்தப்பட்டது. திரும்பும் ஆணை சில விமானங்களை எட்டவில்லை. அவற்றின் குண்டுகளால் அமெரிக்காவின் 30ஆம் காலாட்படைப் பிரிவில் 25 பேர் இறந்தனர். மறுநாளும் குண்டுகள் தம் வரிசையிலேயே விழுந்து 111 பேர் மாண்டனர். அவர்களுள் லெஃப்டினன்ட் ஜெனரல் லெஸ்லி மெக்நேரும் ஒருவர்.

தரைப்படைத் தளபதி பிராட்லி, விமானங்கள் முன்வரிசையை ஒட்டிச் சென்ற சாலைக்கு இணையாகப் பறந்து வர ஒப்புக்கொண்டதாகவே கடைசிவரை நினைத்திருந்தார். அத்தனை விமானங்களைக் குறுகிய நேரத்தில் அந்த வழியில் கொண்டுவர இயலாது என்று முன்பே சொல்லிவிட்டதாக விமானப்படையினர் கருதினர். விமானங்கள் தம் படையின் தலைக்கு மேலாகவே வந்தன. களத்தில் இருந்த செய்தியாளர் எர்னி பைல், எல்லை காட்டிய புகை காற்றில் தம் பக்கம் நகர்ந்து வந்ததை எழுதினார். குழியில் கிடந்த காலாட்படை வீரனின் நினைவில் திட்டமும் இல்லை, சாலையின் திசையும் இல்லை. நடுங்கும் நிலமும் மண்ணில் புதைந்த தோழனும் மட்டுமே உண்டு. தம்மை ஆதரிக்க வந்த விமானப்படையையே ‘அமெரிக்க லுஃப்ட்வாஃபே’ என்று அவ்வீரர்கள் அழைத்த பெயர், ஜெர்மானிய விமானப்படையின் பெயரைத் தம்மவர்மேல் சூட்டிய கசப்பு. ஆயினும் பைல் தம் கட்டுரையில் விமானிகளைச் சபிக்கவில்லை. போரின் குழப்பம் வானிலும் தரையிலும் எல்லோரையும் தடுமாற வைப்பது என்றே முடித்தார்.

சுட்டவரின் நினைவு

அடிபட்டவர் காலம் கடந்தாவது பேசுகிறார். சுட்டவர் பேசுவது அரிது. 2003 மார்ச் 28 அன்று தென் ஈராக்கில் இரண்டு அமெரிக்க ஏ-10 விமானங்கள் பிரிட்டன் கவச வாகனங்களைத் தாக்கி ஒருவரைக் கொன்றன. தம் படை என்று காட்ட வாகனங்களின்மேல் விரிக்கப்பட்டிருந்த ஆரஞ்சு நிறத் தட்டிகளை விமானிகள் ராக்கெட்டுகள் என்று கொண்டனர். 2007இல் வெளியான விமானி அறை ஒலிப்பதிவில், கீழே இருந்தவர்கள் தம்மவர் என்று தெரிந்த கணத்தில் அவர்கள் நிலைகுலைந்து போவது கேட்கிறது. நினைவு பின்னால் திருத்தி அமைக்க முடியாத கணம் அது.

மனநல மருத்துவர் ஜொனதன் ஷே 1990களில் வியட்நாம் போரில் பங்கேற்ற அமெரிக்க வீரர்களிடம் கண்டறிந்து பெயரிட்டதும், பிரெட் லிட்ஸ் உள்ளிட்ட உளவியலாளர்கள் 2009இல் விரித்ததுமான ‘மாரல் இஞ்ஜுரி’ என்னும் கருத்து இங்கே பொருந்துகிறது. அறக்காயம் எனத் தமிழில் சொல்லலாம். அச்சத்தால் வரும் நோயிலிருந்து இது வேறு. தன் அறத்துக்கு மாறானதைத் தானே செய்தது, தடுக்கத் தவறியது, நம்பிய மேலிடம் கைவிட்டது ஆகியவற்றால் வருவது. தன்தரப்புச் சூட்டில் சுட்டவர், பார்த்தவர், அடிபட்டவர் மூவருக்கும் இதில் பங்கு உண்டு.

குடும்பம் கேட்கும் உண்மை

வீரர் நினைவுக்கு வெளியே நின்று அதைத் தேடி வருவது குடும்பம். 1970 பிப்ரவரியில் வியட்நாமில் தம் படைப் பீரங்கிக் குண்டால் மகனை இழந்த அயோவா மாநில விவசாயப் பெற்றோர், அரசின் விளக்கத்தை ஏற்காமல் மகனின் தோழர்களைத் தேடித் தேடிக் கேட்டனர். அதை சி.டி.பி. பிரையன் 1976இல் நூலாக்கினார். அம்மகன் இருந்த பட்டாலியனின் தளபதியாக இருந்த நார்மன் ஸ்வார்ஸ்காஃப்தான் 1991இல் வளைகுடாப் போரை நடத்தியவர்.

2004 ஏப்ரல் 22 அன்று ஆப்கானிஸ்தானில் இறந்த, படையில் சேர்ந்திருந்த அமெரிக்கக் கால்பந்து வீரர் பாட் டில்மன், எதிரியோடு போரிட்டு மாண்டதாக அறிவிக்கப்பட்டு விருதும் பெற்றார். தம்மவர் சூட்டில் இறந்தார் என்று குடும்பத்துக்குச் சொல்லப்பட்டது ஏறத்தாழ ஐந்து வாரம் கழித்து. அன்று சுட்டவர்களில் ஒருவர் பல ஆண்டுகளுக்குப் பின் பொதுவில் பேசி, தம் நினைவை நூலாகவும் எழுதினார். புகழ்ச்சியால் மூடப்பட்ட பொய் அக்குடும்பத்தை இரண்டாம் முறை காயப்படுத்தியது.

தெற்காசியாவில்

1971 டிசம்பர் 10 அன்று குல்னா அருகே, வங்கதேச விடுதலைப் படையின் பத்மா, பலாஷ் பீரங்கிப் படகுகளை இந்திய விமானப்படை பாகிஸ்தான் படகுகள் என்று எண்ணித் தாக்கியது. பலாஷின் இயந்திர அறையில் இருந்த முகமது ருகுல் அமீன் அன்று உயிரிழந்தார். வங்கதேசம் அவருக்கு மிக உயர்ந்த ‘பீர் சிரேஷ்டோ’ விருதை அளித்தது. அதைப் பெற்றவர்கள் ஏழு பேரே. நண்பனின் தாக்குதலில் சிக்கியவரின் சாவும் முழு மதிப்புடைய வீரச்சாவே என்று ஒரு நாடு சொன்ன எடுத்துக்காட்டு இது. 2019 பிப்ரவரி 27 அன்று காஷ்மீரின் பட்காமில் இந்திய எம்.ஐ.-17 ஹெலிகாப்டரை இந்திய ஏவுகணையே வீழ்த்தி, படையினர் ஆறு பேரும் பொதுமக்களில் ஒருவரும் இறந்தனர். அதே ஆண்டு அக்டோபரில் விமானப்படைத் தளபதி அதைப் பெருந்தவறு என வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். லெ ஆவ்ர் குடும்பங்கள் ஐம்பது ஆண்டு காத்திருந்ததோடு ஒப்பிட்டால், எட்டு மாதத்துக்குள் வந்த இந்த ஒப்புதலின் அருமை விளங்கும்.

நினைவைப் படிக்கும் முறை

வாய்மொழி வரலாற்று ஆய்வாளர் அலெஸ்ஸாந்த்ரோ போர்தெல்லி, இத்தாலியின் தெர்னி நகரில் 1949இல் கொல்லப்பட்ட தொழிலாளியின் சாவை ஊரார் பலர் 1953இல் நடந்ததாக நினைவுகூர்வதைக் கண்டார். அந்தப் பிழையே அச்சாவுக்கு ஊரார் தந்த பொருளைச் சொல்கிறது என்றார். ஆஸ்திரேலிய முதியவீரர்களைப் பேட்டி கண்ட அலிஸ்டேர் தாம்சன், நாடு கொண்டாடும் கதைக்கு ஏற்பத் தம் நினைவை வீரர்கள் ஒழுங்குபடுத்திக்கொள்வதை 1994இல் விளக்கினார். தன்தரப்புச் சூட்டுக்கு அப்படி ஒழுங்குபடுத்தத் தேசியக் கதை எதுவும் இல்லை. அதனால் இந்நினைவுகள் மெருகேறாமல், துண்டு துண்டாக நிற்கின்றன.

ஆகவே இவற்றைப் படிப்பவர், வீரர் தம் கண்ணால் கண்டதையும் பின்னர் கேட்டும் படித்தும் சேர்த்துக்கொண்டதையும் பிரித்தறிய வேண்டும். நேரம், தூரம், எண்ணிக்கை ஆகியவற்றுக்குக் கப்பற் குறிப்பேடும் விசாரணைக் கோப்பும் துணை. ஆணை எப்படிப் புரிந்துகொள்ளப்பட்டது, யார் சந்தேகப்பட்டார், அதன்பின் யார் யாரிடம் பேசாமல் இருந்தார் என்பவற்றுக்கு நினைவே மூலம். லண்டனின் பேரரசுப் போர் அருங்காட்சியகமும், 2000இல் தொடங்கிய அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் படைவீரர் வரலாற்றுத் திட்டமும் இத்தகைய குரல்களைச் சேர்த்து வைத்திருக்கின்றன.

தம்மவர் சூட்டில் காயமுற்றோர்க்கும் மாண்டோர்க்கும் ‘பர்ப்பிள் ஹார்ட்’ பதக்கம் உண்டு என்று அமெரிக்கா சட்டத்தில் தெளிவாக எழுதியது 1993இல்தான். விசாரணைக் கோப்பு யார் தவறினார் என்று கேட்டு, விடை எழுதி மூடிவிடும். ஒரே நாளைக் குழியில் கிடந்தவரும், வானில் இருந்தவரும், வீட்டில் காத்திருந்தவரும் தனித்தனியே சுமந்திருக்கிறார்கள். மூவர் சொல்வதும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கப்படும்போதுதான் அந்த நாளின் வரலாறு முழுமை அடைகிறது.