பன்றிக் குடலின் காவற்படை

பன்றியின் சிறுகுடலைச் செரிமானக் குழாய் என்று மட்டும் கருதுவது போதாது. கோழை படர்ந்த அதன் உட்சுவர், பிறவி நோயெதிர்ப்பின், அதாவது முன்னறிமுகம் இல்லாத கிருமியையும் உடனே எதிர்க்கும் முதல் தற்காப்பின், களமாகும். இங்கு செயல்படும் நுண்ணுயிர்க்கொல்லிப் பெப்டைடுகள் சில பத்து அமினோ அமிலங்கள் கோத்த குறும்புரதங்கள். நேர்மின்னேற்றம் கொண்ட இவற்றில் பல, எதிர்மின்னேற்றமுள்ள பாக்டீரியாச் சவ்வில் ஒட்டி அதைக் குலைக்கின்றன. 1991இல் ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவன ஆய்வாளர்கள் பன்றிக் குடலிலிருந்து பிரித்தெடுத்த பிஆர்-39 என்னும் பெப்டைடு, தன் 39 கண்ணிகளில் ஏறக்குறையப் பாதி புரோலின் என்னும் அமினோ அமிலமாக அமைந்தது. சவ்வைக் கிழிக்காமல் உள்நுழைந்து புரத ஆக்கத்தையே முடக்கும் அதன் நயம் தனி ரகம். 1989இல் அதே குடலில் கண்டறியப்பட்ட செக்ரோப்பின் பி1 என்னும் பெப்டைடு பன்றியின் சொந்தச் சரக்கென்றே நம்பப்பட்டு, அங்கே குடியிருந்த உருளைப்புழுவின் ஆக்கமென்பது 2003இல்தான் தெரியவந்தது (ஒட்டுண்ணியும் குடியிருக்கும் வீட்டைக் காக்கும் போலும்). இந்தத் தேடல் பன்றியோடு நிற்கவில்லை: எர்ணாகுளத்தில், கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கடல்சார் அறிவியல் ஆய்வாளர்கள் இத்தகைய பெப்டைடுகளை மீன்களில் தேடிவருகின்றனர்; திருக்கை மீனின் ஹிஸ்டோன் புரதத்திலிருந்து அவர்கள் இனங்கண்ட ஹிமாந்தூரின் அவற்றில் ஒன்று.