27,000 ஆண்டுக் கணக்கு

சிப் நிறுவனத்தின் தலைமை நாற்காலியில் சிப் செய்யத் தெரிந்தவரையே உட்கார வைப்பது சிலிக்கான் பள்ளத்தாக்கின் நெடுநாள் வழக்கம். இதை எடைபோட இன்டெல்லின் ஆண்டி குரோவ் ஒருவரே போதும். வழக்கத்தின் உச்சமும் சறுக்கலும் அவரிடமே இருக்கின்றன.

ஹங்கேரியிலிருந்து அகதியாக வந்து, 1963இல் பெர்க்லியில் வேதிப் பொறியியல் முனைவரானவர் குரோவ். 1980களின் நடுவில் இன்டெல்லின் தாய்த்தொழிலான நினைவகச் சிப்பில் ஜப்பானியர் முந்திவிட்டார்கள். நம்மைத் துரத்திவிட்டுப் புதியவர் ஒருவரைக் கொண்டுவந்தால் அவர் என்ன செய்வார் என்று குரோவ் கேட்டார். நினைவகத்தைக் கைகழுவுவார் என்றார் இன்டெல்லின் அன்றைய தலைமை அதிகாரி கார்டன் மூர். அதை நாமே செய்துவிடலாமே என்றார் குரோவ். செய்தார்கள். ஒரு வேஃபரில் (சிலிக்கான் தட்டில்) எத்தனை சிப் தேறும் என்று எண்ணியே பழகியவருக்கு, தேறாத தொழிலை விடுவதில் கை நடுங்கவில்லை.

அதே கை 1994இல் தடுமாறியது. 4195835ஐ 3145727ஆல் வகுத்தால் 1.3338 வரவேண்டும். இன்டெல்லின் பென்டியம் சிப் 1.3337 என்றது. சிப்புக்குள் இருந்த வகுத்தல் அட்டவணையில் சில கட்டங்கள் விடுபட்டுப் போயிருந்தன. சாதாரணப் பயனர் 27,000 ஆண்டுக்கு ஒருமுறைதான் இந்தப் பிழையைச் சந்திப்பார் என்று கணக்குக் காட்டிய இன்டெல், தேவையை நிரூபிப்பவருக்கு மட்டும் மாற்றுச் சிப் என்றது. 24 நாளுக்கு ஒருமுறை வரலாம் என்று ஐபிஎம் மறுத்தது. யார் கணக்குச் சரி என்பது இங்கே பொருட்டே இல்லை. காசு கொடுத்து வாங்கியவரிடம் ‘உனக்கு ஏன் நல்ல சிப், சொல்’ என்று கேட்டதுதான் தப்பு. மளிகைக் கடைக்காரர்கூட அப்படிக் கேட்கமாட்டார். டிசம்பரில் இன்டெல் மன்னிப்புக் கேட்டது. கேட்டவர்க்கெல்லாம் சிப்பை மாற்றிக் கொடுத்தது. செலவு 47.5 கோடி டாலர்.

அப்படியானால் பொறியாளரே வேண்டாமா? அதுவும் தீர்வில்லை. பின்னாளில் இன்டெல்லின் தலைமைக்கு வந்த, பொருளாதாரம் படித்த பால் ஓட்டலினி, ஐபோனுக்குச் சிப் செய்யும் வாய்ப்பை அடக்கவிலைக் கணக்கைப் பார்த்தே விட்டார். பின்னாளில் அதற்காக வருந்தவும் செய்தார். அவருக்குப் பின் வந்த, ஆலைக்குள்ளேயே வளர்ந்த பிரையன் கிர்சானிச் காலத்தில்தான் 10 நானோமீட்டர் சிப் ஆண்டுக்கணக்கில் இழுத்தடித்தது. பட்டத்தைப் பார்த்து ஆளைத் தேர்ந்தெடுப்பதில் பயனில்லை. அவர் வந்த வழியைத்தான் பார்க்க வேண்டும்.

ஏஎம்டியின் லிசா சூ வந்த வழி அந்த வகையில் எனக்குச் சரியாகப் படுகிறது. எம்.ஐ.டி.யில் மின்பொறியியல் முனைவர். ஐபிஎம்மில் சிப்புக்குள் அலுமினியக் கம்பிக்குப் பதில் தாமிரத்தைக் கொண்டுவந்த குழுவில் முக்கியமானவர். அதன்பின் ஏறத்தாழ ஓராண்டு, ஐபிஎம் தலைவர் லூ கெர்ஸ்ட்னருக்குத் தொழில்நுட்ப உதவியாளராக இருந்தார். கெர்ஸ்ட்னர் சிப் ஆள் அல்லர். பிஸ்கட்டும் சிகரெட்டும் விற்ற நிறுவனத்தை நடத்திவிட்டு வந்தவர். சிப் தெரிந்தவர், விற்பனை தெரிந்தவரின் பக்கத்தில் இருந்து பார்த்த வழி அது. 2014இல் இன்டெல்லின் போட்டி நிறுவனமான ஏஎம்டியின் பொறுப்பைச் சூ ஏற்றபோது அதன் பங்கு மூன்று டாலரை ஒட்டிக் கிடந்தது. 2017இல் வந்த ரைசன் சிப்கள் நிறுவனத்தைத் தூக்கி நிறுத்தின.

பொறியாளரைத் தலைமைக்கு ஏற்றும் இந்த வழக்கத்தின் பெரிய குறை வேறிடத்தில் இருக்கிறது. பதவி உயர்வு என்றாலே மேலாளர் வேலைதான் என்று ஆக்கிவிட்டால், நல்ல வடிவமைப்பாளர் ஒருவரை இழந்து சுமாரான மேலாளர் ஒருவரைப் பெறுவோம். ஐபிஎம் 1962இலேயே ‘ஃபெல்லோ’ என்ற தொழில்நுட்பப் பதவியை வைத்தது இதற்கு ஒரு மாற்று.

குரோவ் தன் சறுக்கலை மறைக்கவில்லை. 1996இல் அவர் வெளியிட்ட நூலின் முதல் அத்தியாயத்திலேயே பென்டியம் கதை இருக்கிறது.