கெர்பல்: முன்னால் போறவனைப் பிடிக்க பிரேக் போடணும்

பிளஸ் டூவோடு விண்வெளிப் பொறியியல் ஆசையை மூட்டை கட்டிட்டு கணக்கு எழுதும் வேலைக்கு வந்தவன் நான். 2015-இல் முழு வடிவம் பெற்ற 'கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம்' கேமை சும்மா பொழுதுபோக்காகத்தான் தொடங்கினேன்.

ஒரே சுற்றுப்பாதையில் முன்னால் போகும் கலத்தைப் பிடிக்க வேகத்தைக் கூட்டினேன். ஒரு சுற்று முடிந்ததும் பார்த்தால், இன்னும் பின்தங்கியிருந்தேன்! வேகம் கூடினால் பாதை பெரிதாகும், சுற்றிவர நேரமும் கூடும். குறைத்தால்தான் பாதை சுருங்கி, எட்டிப் பிடிக்கலாம். கெப்ளர் விதியை மனப்பாடம் பண்ணி மார்க் வாங்கியவனுக்கு அன்னிக்குத்தான் அது புரிஞ்சுது.

பள்ளியில் தப்புக்கு மார்க் போகும். இங்கே ராக்கெட் வெடிக்கும், அவ்வளவுதான், மறுபடி கட்டலாம். என் ஆசையைக் கொன்றது கணிதம் இல்லை, தப்பு பண்ணும் பயம்தான் என்று இப்போ தோணுது.

கேமில் குறையும் உண்டு. ஒரு நேரத்தில் ஒரே வான்பொருளின் ஈர்ப்புதான் கலத்தை இழுக்கும். அதனால் இரண்டு வான்பொருள்களின் ஈர்ப்பும் சேர்ந்து உருவாக்கும் லெக்ராஞ்சு புள்ளிகள் அதில் கிடையாது. இந்த வயசுல யாரும் என்னை ராக்கெட் கட்டக் கூப்பிடப் போறதில்லை. ஆனா அந்தப் புள்ளிகளை ராத்திரி உட்கார்ந்து காகிதத்தில் நானே போட்டுப் பார்க்கிறேன். இதுவரை இரண்டு முறை தப்பு.